எதிர் மாறல் கணக்கு: முதலில் மாறாததைத் தேடுங்கள்

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் நேர் மாறல் கணக்குகளை, அதாவது ஒன்று கூடினால் மற்றதும் அதே மடங்கில் கூடும் கணக்குகளைத் தடுமாறாமல் போடுகிறாளாம். எதிர் மாறல் வந்தாலும் அதே குறுக்குப் பெருக்கலைப் போட்டு, 12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையை 20 பேர் 25 நாளில் முடிப்பார்கள் என்று எழுதிவிடுகிறாள். "ஒன்று கூடினால் மற்றது குறையும்" என்று பலமுறை சொல்லியும் தேர்வில் அதே தவறு. எப்படிச் சொல்லித் தருவது, கணக்கை எந்த ஒழுங்கில் போட வைப்பது என்பது கேள்வி.

அம்மா, உங்கள் மகளுக்குப் பெருக்கலோ வகுத்தலோ தெரியாமல் இல்லை. சொல்லித் தந்த அந்த ஒரு வரிதான் போதவில்லை. "ஒன்று கூடினால் மற்றது குறையும்" என்பது பொய்யில்லை. ஆனால் எவ்வளவு குறையும் என்று அது சொல்வதில்லை. எதைப் பிடித்துக்கொண்டு கணக்கை நகர்த்துவது என்றும் சொல்வதில்லை. அதனால் பிள்ளை தனக்குப் பழகிய ஒரே வழிக்கு, குறுக்குப் பெருக்கலுக்குத் திரும்பிவிடுகிறது. அந்த வரியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு கணக்கிலும் ஒரே கேள்வியைக் கேட்கப் பழக்குங்கள்: இந்தக் கணக்கில் எது மாறாமல் நிற்கிறது?

வேலூர்ப் பக்கம் வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி பேசுவதைக் கவனித்தால் இது புரியும். காம்பவுண்டு சுவர் எடுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டால் அவர் நாள் கணக்குச் சொல்லமாட்டார். "முப்பது ஆள் ஆகும் சார்" என்பார். முப்பது பேர் வரப்போகிறார்கள் என்று அர்த்தமில்லை. ஐந்து பேர் வந்தால் ஆறு நாள், ஆறு பேர் வந்தால் ஐந்து நாள், பத்துப் பேர் வந்தால் மூன்றே நாள். எத்தனை பேர் வந்தாலும் சுவர் அதே சுவர். அதற்குத் தேவையான உழைப்பு 30 ஆள். அவர் மனதில் முதலில் நிற்பது அந்தப் பெருக்கல் தொகை. ஆளும் நாளும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

உங்கள் மகளின் கணக்கையும் இப்படியே பார்க்கலாம். 12 பேர், 15 நாள். ஒரு ஆள் ஒரு நாளில் செய்யும் வேலையை ஒரு ஆள்-நாள் என்போம். மொத்த வேலை 12 × 15 = 180 ஆள்-நாள். இது வேலையின் அளவு, யார் வந்து செய்தாலும் மாறாது. 20 பேர் வந்தால் ஒரு நாளில் 20 ஆள்-நாள் வேலை நடக்கும். 180 ÷ 20 = 9 நாள். குறுக்குப் பெருக்கலுக்கு இதில் இடமே வரவில்லை. 25 நாள் என்ற விடையைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்: 20 × 25 = 500 ஆள்-நாள். 180 ஆள்-நாளில் முடிகிற வேலை 500 ஆனது எப்படி என்று அவளே கேட்பாள். விடை தவறு என்று நீங்கள் சொல்வதைவிட அந்த 500 அவளிடம் அதிகம் பேசும்.

இனி இதை இயற்கணிதமாக எழுதலாம். இரண்டு அளவுகள் எக்ஸ், ஒய். இரண்டின் பெருக்கல் தொகை எப்போதும் ஒரே எண்ணாக இருந்தால் அவை எதிர் மாறலில் உள்ளன. அந்த எண்ணைக் கே என்கிறோம்; பாடநூல் அதை விகிதசம மாறிலி என்று சொல்லும். எக்ஸ் × ஒய் = கே. இதையே ஒய் = கே/எக்ஸ் என்றும் எழுதலாம். ஒய் ∝ 1/எக்ஸ் என்று குறியிட்டிருந்தாலும் பொருள் இதுதான்.

ஒரு கணக்கு: ஒய், எக்ஸுக்கு எதிர் மாறலில் உள்ளது; எக்ஸ் = 8 எனில் ஒய் = 15; எக்ஸ் = 20 எனில் ஒய் என்ன? முழுதாகத் தெரிந்த ஜோடியை முதலில் பெருக்க வேண்டும்: கே = 8 × 15 = 120. அதைத் தனி வரியில் எழுதிக் கட்டம் கட்டச் சொல்லுங்கள். பிறகு 20 × ஒய் = 120, ஆகவே ஒய் = 6. இதையே எக்ஸ்₁ × ஒய்₁ = எக்ஸ்₂ × ஒய்₂ என்று ஒரே வரியில் எழுதி முடிக்கவும் முடியும். ஆனால் தொடக்கத்தில் கே-யைத் தனியாகக் கண்டுபிடித்து எழுதுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஒரே வரி வாய்பாட்டில் மாறாத அளவு கண்ணில் படாமல் மறைந்துவிடும். அது மறைந்த இடத்தில்தான் பிள்ளைகள் நேர் மாறலையும் எதிர் மாறலையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

குழப்பத்தின் வேர் இதுதான்: நேர் மாறலில் மாறாமல் நிற்பது வகுத்து வரும் ஈவு, எதிர் மாறலில் மாறாமல் நிற்பது பெருக்கி வரும் தொகை. 3 கிலோ கத்தரிக்காய் 120 ரூபாய், 5 கிலோ 200 ரூபாய் என்றால் 120 ÷ 3, 200 ÷ 5 இரண்டும் 40. கிலோவுக்கு 40 ரூபாய் என்ற விலை மாறவில்லை. அங்கே குறுக்குப் பெருக்கல் சரியாக வேலை செய்கிறது, ஏனென்றால் அது இரண்டு ஈவுகளைச் சமப்படுத்துகிறது. ஆள்-நாள் கணக்கில் ஈவுக்கு அர்த்தமே கிடையாது. 15 நாளை 12 பேரால் வகுத்தால் "ஒரு ஆளுக்கு ஒன்றேகால் நாள்" என்று வரும். அது எதையும் குறிப்பதில்லை. பெருக்கினால் வேலையின் அளவு வருகிறது. எந்தச் செயலைச் செய்தால் பெயர் சொல்லக்கூடிய ஒரு பொருள் கிடைக்கிறதோ, அந்தச் செயல்தான் கணக்கின் சாவி. ஆள் × நாள் என்றால் வேலை. வேகம் × நேரம் என்றால் தூரம். தலைக்கு விழும் பங்கு × தலைகள் என்றால் மொத்தச் செலவு. குழாயின் வேகம் × நேரம் என்றால் தொட்டியின் கொள்ளளவு. பெயர் சொல்ல முடிந்துவிட்டால் பாதிக் கணக்கு முடிந்தது.

இது பழைய விஷயமும்கூட. கணித மேதை இரண்டாம் பாஸ்கரர் 1150-இல் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் எதிர் விகிதத்துக்குத் தனி விதியே உண்டு. அதில் ஒரு தானியக் குவியல் வருகிறது: 7 ஆடகம் (ஆடகம் என்பது பழைய தானிய அளவு) கொள்ளும் அளவையால் அளந்தால் 100 முறை, 5 ஆடகம் கொள்ளும் அளவையால் அளந்தால் எத்தனை முறை? குவியல் மாறவில்லை, 700 ஆடகம். 700 ÷ 5 = 140. பெரிய படியால் அளந்தால் சீக்கிரம் தீரும், சின்னப் படியால் அளந்தால் அதிகம் எண்ண வேண்டியிருக்கும் என்று களத்துமேட்டில் நின்ற எவருக்கும் தெரியும். எட்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிடத் தெளிவான கணக்கு எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, நிதானமாகப் பேச வேண்டிய இடம் ஒன்று. ஒன்று கூட மற்றது குறைந்துவிட்டாலே அது எதிர் மாறல் ஆகிவிடாது.

காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ரயில் பாதை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். 30 கிலோமீட்டர் கடந்திருந்தால் மீதி 100. 60 கடந்திருந்தால் மீதி 70. கடந்த தூரம் கூடக் கூட மீதித் தூரம் குறைகிறது. எதிர் மாறலா? பெருக்கிப் பாருங்கள்: 30 × 100 = 3000, 60 × 70 = 4200. சமமில்லை. இங்கே மாறாமல் இருப்பது கூட்டல் தொகை, 130. "ஒன்று கூடினால் மற்றது குறையும்" என்பதை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை இதை எதிர் மாறல் என்றுதான் சொல்லும். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல எதுவுமில்லை, நாம் சொல்லித் தந்ததைத்தான் அது திருப்பிச் சொல்கிறது.

அட்டவணை கொடுத்து "இது எதிர் மாறலா" என்று கேட்டாலும் சோதனை அதேதான். மேல் வரிசையில் 4, 6, 9, 12. கீழ் வரிசையில் 45, 30, 20, 15. ஒவ்வொரு பத்தியிலும் மேலும் கீழும் பெருக்கினால் நான்கிலும் 180. ஆகவே எதிர் மாறல். கீழ் வரிசை 45, 40, 34, 28 என்று இருந்தால்? இதுவும் இறங்குகிறது. ஆனால் பெருக்கல் தொகைகள் 180, 240, 306, 336. எதிர் மாறல் இல்லை. ஒரே ஒரு பத்தியைச் சோதித்துவிட்டு நிறுத்தக்கூடாது. எல்லாப் பத்திகளிலும் ஒரே எண் வர வேண்டும்.

இரண்டு அளவுக்கும் சம்பந்தமே இல்லாத கணக்குகளும் உண்டு. அக்னி நட்சத்திர வெயிலில் மாடிக்கொடியில் 5 புடவை காய ஒரு மணி நேரம் ஆகிறது. 10 புடவை காய எவ்வளவு நேரம்? கொடியில் இடம் இருந்தால் அதே ஒரு மணி நேரம்தான். நம் ஊர் வெயில் புடவைகளைப் பங்கு போட்டுக்கொண்டு காயவைப்பதில்லை. இப்படி ஒன்றிரண்டு கணக்குகளை இடையிடையே கலந்து கொடுங்கள். கணக்கைப் படித்தவுடன் பெருக்கவோ வகுக்கவோ ஓடாமல், எது எதைப் பாதிக்கிறது என்று பிள்ளை ஒரு நிமிடம் நிற்கப் பழகும்.

எதிர் மாறல் உள்ளே ஒளிந்திருக்கும் கணக்கு இன்னும் சுவையானது. ஏலகிரிக்கு ஒரு வேன் பேசுகிறார்கள்; வாடகை 3600 ரூபாய், எத்தனை பேர் ஏறினாலும் அதேதான். அதோடு ஆளுக்கு 50 ரூபாய் சிற்றுண்டிச் செலவு. 12 பேர் போனால் தலைக்கு 300 + 50 = 350 ரூபாய். 18 பேர் போனால் தலைக்கு 200 + 50 = 250 ரூபாய். 12 × 350 = 4200; 18 × 250 = 4500. ஆட்கள் கூடச் செலவு குறைகிறது, ஆனாலும் பெருக்கல் தொகை சமமில்லை. எதிர் மாறல் வாடகைப் பங்கில் மட்டும்தான் இருக்கிறது. 50 ரூபாய் அதன் மேல் ஏறி உட்கார்ந்து மறைக்கிறது. அந்த 50-ஐக் கழித்துவிட்டால் 12 × 300 = 18 × 200 = 3600. தலைக்கு 290 ரூபாய் ஆக வேண்டுமானால் எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டால், முதலில் 290 − 50 = 240, பிறகு 3600 ÷ 240 = 15 பேர். மாறாத அளவைத் தேடும் பழக்கம் இருந்தால்தான் இந்தக் கழித்தல் தோன்றும்.

வேகமும் நேரமும் எல்லாரும் போடும் கணக்கு, ஆகவே அடிப்படையை விரிக்கவில்லை. அதே 130 கிலோமீட்டரை மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 2 மணி, 52-இல் கடக்க இரண்டரை மணி, 40-இல் கடக்க மூன்றேகால் மணி. இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது வேறு. வேகத்தை 40-இலிருந்து 52 ஆக்கினால், அதாவது 12 கூட்டினால், 45 நிமிடம் மிச்சம். 52-இலிருந்து 65 ஆக்கினால், 13 கூட்டியும் 30 நிமிடம்தான் மிச்சம். வேகம் கூடக் கூட, மேலும் கூட்டுவதால் கிடைக்கும் லாபம் சுருங்கிக்கொண்டே போகிறது. எதிர் மாறலின் குணமே இதுதான். கூட்டல், கழித்தலில் சிந்தித்தால் இது பிடிபடாது. மடங்கில் சிந்திக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் நேரம் பாதி. வேகம் மூன்று மடங்கானால் நேரம் மூன்றில் ஒரு பங்கு.

சதவீதத்தில் பலர் சறுக்குவதும் இதனால்தான். வேகம் 25 சதவீதம் கூடினால் நேரம் 25 சதவீதம் குறையாது. வேகம் 5/4 மடங்கு ஆகிறது, ஆகவே நேரம் 4/5 மடங்கு. குறைவது 20 சதவீதம். பெட்ரோல் விலை 25 சதவீதம் ஏறினால், மாதச் செலவு ஏறாமல் இருக்க 20 சதவீதம் குறைவாகப் போட்டால் போதும் என்பதும் இதே கணக்கு. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதை ஒரு வாய்பாடாக மனப்பாடம் செய்கிறார்கள். பின்னத்தைத் தலைகீழாக்கினால் வந்துவிடும் ஒன்றுக்கு வாய்பாடு தேவையில்லை.

பத்தாம் வகுப்புக்குப் போனால் இதே பெருக்கல் தொகை இருபடிச் சமன்பாட்டைத் திறந்துவிடும். ஒரு வண்டி 120 கிலோமீட்டர் செல்கிறது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் கூடுதலாக இருந்திருந்தால் ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். உண்மையான வேகம் என்ன? வேகத்தை வே என்றும் நேரத்தை நே என்றும் வைப்போம். வே × நே = 120. மாறிய நிலையிலும் தூரம் அதேதான், ஆகவே (வே + 10)(நே − 1) = 120. பிரித்தால் வே × நே − வே + 10 நே − 10 = 120. வே × நே-க்குப் பதில் 120 போட்டால் இருபுறமும் அடிபட்டு, வே = 10 நே − 10. இதை முதல் சமன்பாட்டில் வைத்தால் நே(10 நே − 10) = 120, அதாவது நே² − நே − 12 = 0. காரணிப்படுத்தினால் (நே − 4)(நே + 3) = 0. நேரம் எதிர்மறை எண்ணாக இருக்க முடியாது; நே = 4, வே = 30. சரிபார்க்க: 40 × 3 = 120. இந்தக் கணக்கைக் கண்டு பயப்படும் மாணவர்கள் ஏராளம். 120 என்பது இரண்டு நிலையிலும் மாறவில்லை என்பதை எழுதிவிட்டால் மீதி வெறும் பிரித்து எழுதல்தான்.

நடுவில் நிலைமை மாறும் கணக்குகளைப் பார்ப்போம். நன்றாகப் போடும் பிள்ளைகளும் இங்கே மதிப்பெண் இழப்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு விடுதியில் 50 மாணவர்களுக்கு 40 நாளைக்கு அரிசி இருக்கிறது. 10 நாள் கழித்து மேலும் 10 பேர் சேர்கிறார்கள். மீதி அரிசி எத்தனை நாள் வரும்? அவசரப்படும் பிள்ளை 50 × 40 = 2000, 2000 ÷ 60 = 33⅓ என்று எழுதும். 2000 என்பது முதல் நாள் இருந்த அரிசி. புதியவர்கள் வந்த நாளில் இருந்ததோ 50 பேர் 10 நாள் சாப்பிட்டது போக மீதி: 2000 − 500 = 1500. 60 பேருக்கு 1500 ÷ 60 = 25 நாள். மாற்றம் நடந்த கணத்தில் நின்று, அப்போது கையில் எவ்வளவு இருந்தது என்று கேட்க வேண்டும். கே என்பது கணக்கின் தொடக்கத்தில் எழுதிய எண் என்று நினைப்பதால் வரும் தவறு இது. பாதியில் நிலைமை மாறினால் அங்கிருந்து புதுக் கணக்கு. கே-யையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். மாணவர்கள் சேர்வது, வேலையாட்கள் பாதியில் நின்றுவிடுவது, தொட்டி நிரம்பும்போது ஒரு குழாயை அடைப்பது எல்லாம் இந்த வகை.

எட்டாம் வகுப்புப் பாடத்தில் கலப்பு மாறல் என்று வருவதும் உங்கள் மகளுக்கு இந்த ஆண்டே தேவைப்படும். ஆம்பூரை நினைத்து ஒரு கணக்கு. ஒரு ஷூ கம்பெனியில் 24 பேர், நாளுக்கு 8 மணி நேரம், 15 நாள் உழைத்து 3600 ஜோடி முடிக்கிறார்கள். அடுத்த ஆர்டர் 4800 ஜோடி. ஆட்கள் 40 பேர், ஆனால் நாளுக்கு 6 மணி நேரம்தான் வேலை. எத்தனை நாள் ஆகும்? பலர் சொல்லித் தருவது, ஒவ்வொரு அளவாக எடுத்து இது நேரா எதிரா என்று அம்புக்குறி போட்டுப் பெருக்கும் வழி. அதில் விடை வரும்: 15 × 24/40 × 8/6 × 4800/3600 = 16. ஆனால் ஒரு அம்புக்குறி திரும்பிப் போனால் எல்லாம் போயிற்று, தவறு எங்கே என்று பிள்ளையால் கண்டுபிடிக்கவும் முடியாது.

நான் சொல்லித் தருவது இப்படி. முதல் ஆர்டருக்கு ஆன உழைப்பு 24 × 8 × 15 = 2880 ஆள்-மணி. அதில் 3600 ஜோடி, ஆகவே ஒரு ஜோடிக்கு 2880 ÷ 3600 = 0.8 ஆள்-மணி, அதாவது 48 நிமிட உழைப்பு. ஆட்கள் மாறினாலும் ஷிப்டு மாறினாலும் ஆர்டர் மாறினாலும் இந்த 48 நிமிடம் மாறவில்லை என்பதுதான் கணக்கின் அடித்தளம். 4800 ஜோடிக்கு 4800 × 0.8 = 3840 ஆள்-மணி வேண்டும். இப்போது ஒரு நாளில் கிடைப்பது 40 × 6 = 240 ஆள்-மணி. 3840 ÷ 240 = 16 நாள். ஒவ்வொரு வரியிலும் கையில் இருப்பது என்ன என்று சொல்ல முடிகிறது. பாடநூலில் ஆள் × நாள் × மணி ÷ வேலை என்று இருபுறமும் சமப்படுத்தும் வாய்பாட்டைப் பார்த்திருப்பீர்கள். அது சொல்வதும் ஒரு ஜோடிக்கான அந்த உழைப்பைத்தான், 0.8-ஐத்தான் இடப்பக்கமும் வலப்பக்கமும் எழுதிச் சமப்படுத்துகிறது. இதைச் சொல்லிவிட்டால் வாய்பாடு மறந்தாலும் பிள்ளை தானே கட்டிக்கொள்ளும்.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு: எல்லாரும் ஒரே வேகத்தில் வேலை செய்கிறார்கள், ஒருவர் மற்றவருக்கு இடைஞ்சலில்லை. ஒரு சின்ன அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க 180 பேரை இறக்கினால் வேலை நொடியில் முடிந்துவிடாது, உள்ளே நிற்கவே இடமிருக்காது. பிள்ளை இப்படிக் கேள்வி கேட்டால் தட்டிவிடாதீர்கள். கணக்கு எந்த எல்லைவரை உண்மை என்று அது சரியாகவே யோசிக்கிறது.

அறிவியல் பாடத்தில் இதே உறவு மீண்டும் மீண்டும் வரும். ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிப்படி, வெப்பநிலை மாறாதபோது ஒரு குறிப்பிட்ட நிறையுள்ள வாயுவின் அழுத்தத்தையும் பருமனையும் பெருக்கினால் வருவது மாறிலி. 2 வளிமண்டல அழுத்தத்தில் 6 லிட்டர் என்றால், 3 வளிமண்டல அழுத்தத்தில் 4 லிட்டர். மின்னழுத்தம் மாறாதபோது மின்னோட்டமும் மின்தடையும் இப்படியே. 12 வோல்ட் என்றால் 4 ஓமுக்கு 3 ஆம்பியர், 6 ஓமுக்கு 2 ஆம்பியர்.

கொஞ்சம் வேறுபடுவது இருமடி எதிர் மாறல். ஒரு விளக்கிலிருந்து விலகிப் போகப் போக வெளிச்சம் தூரத்துக்கு எதிராக மாறுவதில்லை. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராக மாறுகிறது. ஒய் × எக்ஸ்² = கே. 3 மீட்டரில் வெளிச்சம் 20 அலகு என்றால் 6 மீட்டரில் எவ்வளவு? பிள்ளைகள் பாதி என்று 10 எழுதுவார்கள். கே = 20 × 9 = 180; 180 ÷ 36 = 5. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்கு. வெளிச்சம் 45 அலகாக இருப்பது எந்தத் தூரத்தில் என்று திருப்பிக் கேட்டால், எக்ஸ்² = 180 ÷ 45 = 4, எக்ஸ் = 2 மீட்டர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, அங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வளவு பெரிய கண்ணாடி எதற்கு என்று பிள்ளை கேட்டால் பதில் இந்தச் சமன்பாட்டில் இருக்கிறது. வியாழன் கோள் சூரியனிலிருந்து பூமியைப் போல ஏறக்குறைய 5.2 மடங்கு தூரத்தில் இருக்கிறது, 5.2-இன் வர்க்கம் சுமார் 27. ஆகவே அங்கே ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய ஒளி இங்கே விழுவதில் 27-இல் ஒரு பங்குதான். விண்மீன்களின் தூரத்தோடு ஒப்பிட்டால் வியாழன் நம் பக்கத்து வீடு. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் மங்கலான ஒளியைச் சேகரிக்க அகலமான கண்ணாடி வேண்டும்.

பத்தாம் வகுப்பில் வரைபடக் கேள்வி 8 மதிப்பெண்ணுக்கு வரும். வேகம் 20, 30, 40, 60. நேரம் 6, 4, 3, 2 என்று அட்டவணை. பெருக்கல் தொகை 120 என்று முதலில் எழுதி, எக்ஸ் × ஒய் = 120 என்ற சமன்பாட்டைக் காட்டிவிட்டு, பிறகு புள்ளிகளைக் குறிக்க வேண்டும். புள்ளிகளை அடிக்கோல் வைத்து இணைக்கக் கூடாது. கையால் வழுவழுப்பான வளைவாக வரைய வேண்டும். அதன் பெயர் செவ்வக அதிபரவளையம். அது எந்த அச்சையும் தொடாது. வேகம் பூச்சியம் என்றால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் 120 கிலோமீட்டர் போக முடியாது. வேகம் எவ்வளவு கூடினாலும் நேரம் பூச்சியமாகாது. வளைவைக் கொண்டுபோய் அச்சில் முட்டவைத்திருந்தால், சமன்பாட்டைப் புரிந்துகொள்ளவில்லை என்று திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும். அச்சுகளில் அளவுத்திட்டம் எழுத மறப்பதும், "வேகம் 24 எனில் நேரம் என்ன" என்ற துணைக் கேள்விக்கு வரைபடத்திலிருந்து கோடு இறக்கிக் காட்டாமல் விடை மட்டும் எழுதுவதும் வீணாக மதிப்பெண் போகும் இடங்கள். அந்த விடை 5 என்பதை 120 ÷ 24 போட்டு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மகளுக்குக் கொடுக்க மூன்று கணக்குகள். ஒவ்வொன்றிலும் விடைக்கு முன்னால், மாறாதது எது என்பதை அவள் தன் சொற்களில் ஒரு வரி எழுத வேண்டும்.

முதலாவது: காட்பாடியிலிருந்து ஆற்காட்டுக்கு ஒரு பஸ் 50 நிமிடத்தில் போகிறது, பயணிகள் அதிகம் என்று இரண்டு பஸ் ஒரே நேரத்தில் புறப்பட்டால் எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும்? இரண்டாவது: 18 பேர் 20 நாளில் முடிக்க வேண்டிய ஏரிக்கால்வாய் தூர்வாரும் வேலையில், 8 நாள் முடிந்ததும் 6 பேர் நின்றுவிட்டார்கள், மீதி வேலைக்கு இன்னும் எத்தனை நாள்? மூன்றாவது: ஒய் என்பது (எக்ஸ் + 2)-க்கு எதிர் மாறலில் உள்ளது; எக்ஸ் = 4 எனில் ஒய் = 10; எக்ஸ் = 10 எனில் ஒய் என்ன?

முதல் கணக்கில் விடை அதே 50 நிமிடம். பஸ்களின் எண்ணிக்கைக்கும் பயண நேரத்துக்கும் தொடர்பில்லை. இரண்டாவதில் மீதி வேலை 18 × 12 = 216 ஆள்-நாள், இருப்பவர்கள் 12 பேர், ஆகவே 18 நாள். மூன்றாவதில் பெருக்க வேண்டியது எக்ஸை அல்ல, எக்ஸ் + 2 முழுவதையும்: கே = 6 × 10 = 60, ஒய் = 60 ÷ 12 = 5. மூன்றாவதில் அவள் 4 × 10 = 40 என்று தொடங்கி 4 என்று விடை எழுதியிருந்தால், பெருக்கலிலோ வகுத்தலிலோ தவறில்லை; எதிர் மாறலில் இருப்பது எந்த அளவு என்பதைக் கேள்வியில் அடிக்கோடிடச் சொல்லி மறுபடி போட வையுங்கள்.